துண்டுக்கு அடியில் ஒரு விலை

சிறுவனாக இருந்தபோது என் தந்தையாருடன் மாட்டுச் சந்தைக்குச் சென்றதுண்டு. அங்கே விலை பேசும் முறை எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தம் கையின் மேலும் விற்பவர் கையின் மேலும் போட்டு மூடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் விரல்களைப் பற்றும். எத்தனை விரல் பிடிபடுகிறதோ அதைக் கொண்டு விலை அறியப்படும். சுற்றி நிற்போர் இருவர் முகத்தையும் பார்க்கலாம், தலையசைப்பையும் பார்க்கலாம். தொகை மட்டும் அவர்களுக்குத் தெரியாது. “ஏன் அப்பா, வாயால் சொல்லக் கூடாதா?” என்று ஒருமுறை கேட்டேன். “பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்தால் அவனும் அந்த விலைக்கே கேட்பானே” என்றார். அந்த மறுமொழியின் முழுப் பொருளும் எனக்கு விளங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அண்மையில் கணினித் திரையின் முன் அமர்ந்திருந்தபோது அந்தத் துண்டு மீண்டும் என் நினைவுக்கு வந்தது. எங்கள் பங்கின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்திருந்தது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளுள் பழையவை தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. சான்றிதழ் கேட்டு வருவோரை நெடுநேரம் காத்திருக்கச் செய்ய வேண்டியுள்ளது. இப்பணிக்கென்றே மென்பொருள் செய்து இணையத்தின் வழியாக விற்கும் நிறுவனங்கள் உண்டெனப் பேரவை உறுப்பினரான இளைஞர் ஒருவர் கூறினார். அவற்றுள் ஒன்றைத் திறந்து பார்த்தோம். மென்பொருள் என்னென்ன செய்யும் என்பது படங்களோடு விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. பயன்படுத்துவோரின் பாராட்டுரைகள் இருந்தன. ‘விலை’ என்ற தலைப்பும் இருந்தது. ஆனால் அதன்கீழ்த் தொகை இல்லை. ‘விலை அறிய எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற வரியும், நம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிரப்பக் கட்டங்களுமே இருந்தன.

நிரப்பி அனுப்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பு வந்தது. பேசிய இளைஞர் மிகுந்த பண்புடையவர். “ஃபாதர், உங்கள் பங்கில் எத்தனை குடும்பங்கள்? கிளைக் கோவில்கள் எத்தனை? பள்ளிக்கூடம் உண்டா? வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகமா? இதற்கென எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? எப்போதைக்குள் வேண்டும்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை பெற்ற பின்பே ஒரு தொகையைச் சொன்னார். அது எங்களால் இயலாது என்றேன். மூன்று நாட்களில் அத்தொகை குறைந்தது. அடுத்த வாரம் மேலும் குறைந்தது. இறுதியில் முதலில் சொன்னதில் பாதிக்கும் கீழே வந்து நின்றது. “உங்களுக்காக மட்டும், ஃபாதர். வேறு யாரிடமும் இந்த விலையைச் சொல்லிவிடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டார். “சரி” என்றேன். நிதிக்குழுவினர் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

இரண்டு மாதங்களுக்குப் பின் அடுத்த பங்கின் இளம் பங்குத்தந்தை என் இல்லத்துக்கு வந்திருந்தார். கல்லுடைக்கும் தொழிலாளர் நிறைந்த சிறிய பங்கு அவருடையது. குடும்பங்களின் எண்ணிக்கை எங்களுடையதில் பாதிகூட இராது. அவரும் அதே மென்பொருளை வாங்கியிருந்தார். பேச்சுவாக்கில் தாம் கொடுத்த தொகையைச் சொன்னார். அது நாங்கள் கொடுத்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. “உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று, ஃபாதர்?” என்று கள்ளமின்றிக் கேட்டார். நான் தேநீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்கு மாறினேன். அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறது. இருவரும் மனமுவந்தே பணம் கொடுத்தோம். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? ஒருவேளை தவறே இல்லையோ? விலையை எல்லாருக்கும் தெரியும்படி சொல்வது விற்பவரின் கடமையா, அல்லது சொன்னால் போற்றத்தக்க பெருந்தன்மை மட்டுமா? இக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் விற்பவரின் பக்கத்து நியாயத்தைக் கேட்பதே முறை. பத்துப் பேர் வேலை செய்யும் கடையும் பதினாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையும் ஒரே மென்பொருளை வாங்கலாம். ஆனால் அதனைப் பொருத்திக் கொடுக்கும் உழைப்பும், ஆட்களைப் பழக்கும் நாட்களும், பின்னர் எழும் ஐயங்களைத் தீர்க்கும் பணியும் இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல. பழைய பதிவேடுகளை எத்தனை பக்கம் ஏற்ற வேண்டும் என்பதைப் பார்க்காமல் எப்படித் தொகை சொல்வது? தச்சரை அழைத்தால் அவரும் வீட்டைப் பார்த்த பின்புதானே கூலி சொல்கிறார்? மேலும், விலையை வெளியிட்டால் போட்டியாளர் அதைப் பார்த்து ஒரு ரூபாய் குறைத்துச் சொல்வார் என்ற அச்சமும் உண்டு. இவை வெறும் சாக்குகள் அல்ல. வேலையின் அளவைப் பொறுத்து விலை மாறுவது இயல்பே.

ஆனால் மென்பொருள் என்னும் சரக்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைக் கருத்தில் கொள்ளாமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது. நெல்லுக்கு உழவுக்கூலி, விதை, உரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆடைக்கு நூலும் நெசவும் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு முழத்துக்கும் அந்தச் செலவு மீண்டும் மீண்டும் ஏற்படுகிறது. அதனால் விலை எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், கட்டிய மாடு முளையைச் சுற்றி வருவதுபோல அந்த அடக்கவிலையைச் சுற்றியே வரும். மென்பொருளை முதன்முதலில் ஆக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகும். ஆக்கிய பின் இரண்டாம் படியை எடுக்க ஏறத்தாழ ஒன்றுமே செலவில்லை. ஆயிரமாவது படிக்கும் அப்படியே. 1969-ஆம் ஆண்டு வரை ஐ.பி.எம். போன்ற பெருநிறுவனங்கள் கணினியை வாங்குவோருக்கு அதனோடு சேர்த்தே மென்பொருளையும் கொடுத்துவந்தன. அந்த ஆண்டில்தான் அந்நிறுவனம் மென்பொருளுக்குத் தனியே விலை வைக்கப்போவதாக அறிவித்தது. அன்றுமுதல் விற்பவரின் முன் ஒரு புதிய கேள்வி நிற்கிறது. அடக்கவிலை என்னும் முளை இல்லாத சரக்குக்கு எதைப் பிடித்துக்கொண்டு விலை சொல்வது?

எளிதில் கைக்கு எட்டும் விடை ஒன்றே. வாங்குபவரின் மடி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்வது. அப்படிப் பார்க்க வேண்டுமானால் விலையை முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடாது. முதலில் ஆளை அளக்க வேண்டும்; பிறகே சரக்குக்கு விலை சொல்ல வேண்டும். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். குடும்பங்களின் எண்ணிக்கை வேலையின் அளவைக் காட்டும். அதைக் கேட்டது நியாயம். வெளிநாட்டில் வேலை பார்ப்போர் அதிகமா என்ற கேள்வி எந்த வேலையின் அளவைக் காட்டுகிறது? எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பது எதைக் காட்டுகிறது? அவை மென்பொருளைப் பற்றிய கேள்விகள் அல்ல. எங்களைப் பற்றிய கேள்விகள்.

விற்பவர் தாம் அறிந்ததை மறைக்கலாமா என்ற வழக்கு மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் உரோமை அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் அவர் கண்டிருக்கிறார். தீவு மக்களுக்கு அது தெரியாது. அவர் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, அல்லது சொல்லாமல் கிடைத்த விலைக்கு விற்கலாமா? பாபிலோனியரான தியோஜெனஸ் என்ற ஸ்தோயிக்க ஆசிரியர், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வணிகருக்காக வாதாடுகிறார். அவருடைய மாணவரான அந்திப்பாத்தர், மனிதர் அனைவரும் ஒரே குடும்பம், அவர்களுக்குத் தெரிய வேண்டியதைத் தன் ஆதாயத்துக்காக அடக்கி வைப்பது தகாது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கமே சாய்கிறது.

குருமடத்தில் நான் அறநெறி இறையியல் பயின்றபோது இதே வழக்கைப் புனித தோமா அக்குவினாஸ் எழுதிய பெருந்தொகுப்பில் படித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்புனிதர், வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைப் பற்றி ஒரு முழு வினாவையே ஒதுக்கியுள்ளார். அவர் சிசரோவைவிடக் கண்டிப்பாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, தானிய வணிகர் பின்வரும் கப்பல்களைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் நீதிக்கு எதிராகக் குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்றும், சொன்னால் அவருடைய நற்பண்பு மேலும் சிறக்கும் என்றும் எழுதியிருந்தார். இதை மட்டும் பார்த்தால், விலையை மறைத்த நிறுவனத்தின் மேல் குற்றமில்லை என்று முடித்துவிடலாம்.

ஆனால் அதே வினாவின் முதற்பகுதியில் அவர் வேறொன்றைச் சொல்கிறார். அதை அன்று தேர்வுக்காகப் படித்துக் கடந்துவிட்டேன். ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவருக்குத் தனிப்பட்ட இழப்பு உண்டானால், அந்த இழப்பை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். விற்பவருக்கு அப்படி ஓர் இழப்பும் இல்லாமல், வாங்குபவருக்கு மட்டும் அப்பொருள் மிகவும் தேவைப்பட்டால், அந்தத் தேவையைக் காரணமாக்கி விலையை உயர்த்தலாகாது. ஏனெனில் அந்த மிகுந்த பயன் விற்பவரிடமிருந்து வருவதில்லை. வாங்குபவரின் நிலைமையிலிருந்தே பிறக்கிறது. தனக்கு உரியதல்லாத ஒன்றை எவரும் விற்கலாகாது. பெரும்பயன் அடைந்தவர் தாமாகவே மனமுவந்து சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அடுத்த பங்கின் பதிவேடுகள் மழையில் நனைந்து அழியத் தொடங்கியிருந்தன. அந்த இளம் குருவானவருக்கு அவசரம். அந்த அவசரம் அவருடையது. நிறுவனம் அதை அவருக்கே விற்றது. என் மனத்தை உறுத்தியது இதுதான் என்பதை அக்குவினாஸின் துணையால் கண்டுகொண்டேன்.

மாட்டுச் சந்தைத் துண்டையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். அங்கே துண்டுக்கு அடியில் கை வைத்தவர்கள் மாட்டை அறிந்தவர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லக்கூடியவர்கள். சென்ற வாரச் சந்தையில் என்ன விலை போயிற்று என்பதும் தரகர் வழியாக ஊரில் ஒருவாறு கசிந்திருக்கும். மறைவு பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவருக்கு எதிரானது. இன்றைய துண்டு அப்படிப்பட்டதல்ல. ஒரு கை மட்டும் அதற்குள் இருக்கிறது. இதுவரை யார் யாருக்கு எந்த விலைக்கு விற்றோம் என்ற முழுக்கணக்கும் விற்பவரிடம் இருக்கிறது. வாங்குபவர் தம் பெயரையும் ஊரையும் வருவாயையும் சொல்லிவிட்டு, துண்டுக்கு வெளியே நிற்கிறார்.

விலையை எழுதி வைத்தல் என்ற இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் வழக்கம், ஒரு காலத்தில் மனச்சான்றின் போராட்டமாகவே தொடங்கிற்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் மறைக்காமல் சொல்லி விற்றார்கள் என்பதையும் ஒரு சிறப்பாகக் குறிக்கிறது. அப்படிப் புகழ வேண்டியிருந்ததே, எல்லாரும் அவ்வாறு செய்யவில்லை என்பதற்குச் சான்று. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரின் வழிநடந்த குவேக்கர் கிறிஸ்தவர்கள், ஒரு விலையைச் சொல்லிவிட்டு வேறு விலைக்குக் கொடுப்பது பொய்யாகும் என்று கருதிப் பேரம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு வாடிக்கை குறைந்தது. பின்னர் அவர்களுடைய கடைக்கு ஒரு குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே விலையில் பொருள் கிடைக்கும் என்பது ஊராருக்குத் தெரியவந்தது, வாணிகம் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் போன் மார்ஷே அங்காடியில் அரிஸ்தீத் பூசிக்கோவும், பிலடெல்பியாவில் ஜான் வனமேக்கரும் ஒவ்வொரு பொருளிலும் விலையை எழுதி ஒட்டியபோது அதே வழக்கம் பெருங்கடைகளுக்கும் வந்தது.

குழந்தையை அனுப்பலாம் என்ற அந்தச் செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பேரம் என்பது பேசத் தெரிந்தவர்களின் விளையாட்டு. அதில் வெல்பவர் யார்? காத்திருக்கக் கூடியவர், நாலு இடம் விசாரித்தவர், மறுத்துவிட்டு எழுந்து போகத் துணிந்தவர். தோற்பவர் யார்? அவசரத்தில் இருப்பவர், கூச்சம் மிகுந்தவர், மொழி தெரியாதவர், முதன்முறை வாங்குபவர், ஏழை. நான் பாதி விலைக்கு வாங்கியதற்கு எங்கள் பங்கு ஏழையாக இருந்தது காரணமன்று. நான் பழம் தின்று கொட்டை போட்டவன் என்பதே காரணம். அந்த இளம் குருவானவர் முதலில் சொன்ன விலையை நம்பினார். நம்பியவருக்கு அதிக விலை, நம்பாதவருக்குக் குறைந்த விலை என்று ஆயிற்று. நம்பிக்கையைத் தண்டிக்கும் ஒரு முறையை நல்லதென்று எவ்வாறு சொல்வது?

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பொட்டலமிட்ட பொருள்களில் எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடும் விதி 1990-இல் வந்தது. இணையவழி விற்போர் மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் உட்பிரிவுகளோடும் காட்ட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் உள்ளது. முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் செலுத்தும் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு கட்டணமாகச் சேர்க்கும் தந்திரத்தையும், எளிதில் சேர்த்துக்கொண்டு விலக மட்டும் வழியை மறைக்கும் சந்தாப் பொறியையும் உள்ளிட்ட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் வெளியான நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டுத் தடுத்தன. ஆயினும் தம் தொழிலுக்கென வாங்குவோரில் பெரும்பாலோர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர். நாலைந்து ஆட்களை வைத்துக் கணக்கு மென்பொருள் வாங்கும் கடைக்காரரும் பெரும் ஆலை முதலாளியும் அங்கே ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பால் மனச்சான்று மட்டுமே துணை.

விலையை மறைக்காமல் மென்பொருள் விற்க முடியாது என்பாருக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2002-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு இளைஞர் தொடங்கிய அட்லாசியன் என்ற நிறுவனம், விலை பேச விற்பனையாளர் எவரையும் வைத்துக்கொள்ளாமல், தன் விலைகளை இணையத்தில் எல்லாரும் காண வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் தொலைபேசியில் மட்டும் விலை சொல்லிவந்த துறையில் அது புதுமையாக இருந்தது. 2015 டிசம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. வளர்ந்த பின் பெரிய வாடிக்கையாளர்களுக்கென அதுவும் விற்பனைக் குழுக்களை அமைத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெளிப்படையாக இருந்ததால் அது வீழ்ந்துவிடவில்லை.

மறைவு வெளிப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 2000-ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் ஒரே திரைப்படத் தட்டை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் காட்டியது வெளியே தெரிந்தது. ஆளைப் பார்த்து விலை வைக்கவில்லை, குலுக்கல் முறையில் நடத்திய சோதனைதான் என்று நிறுவனம் விளக்கியது. கூடுதலாகக் கொடுத்த 6,896 பேருக்குச் சராசரியாக 3 டாலர் 10 சென்ட் திருப்பிக் கொடுத்தது. மூன்று டாலர் பெரிய தொகையன்று. மக்களைச் சினமூட்டியது அத்தொகையா? பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு விலையும் தங்களுக்கு ஒரு விலையும் தங்களுக்குத் தெரியாமலே வைக்கப்பட்டது என்பதே.

இதுவரை எழுதியதைப் படிக்கும் வாசகர், எல்லாருக்கும் ஒரே விலை என்பதே நீதி என்று நான் முடிக்கப்போவதாக எண்ணக்கூடும். அப்படி முடிக்க என் சொந்த அனுபவம் இடம் தரவில்லை. எங்கள் பங்கில் ஒரு சமூகக்கூடம் உண்டு. நிச்சயதார்த்தம், புதுநன்மை விருந்து, பதினாறாம் நாள் சாப்பாடு என்று பலவற்றுக்கும் வாடகைக்கு விடுகிறோம். மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பின் ஒருநாள் வாடகைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு ஐந்து வாடகை. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கு ஒன்று, பேரவை உறுப்பினருக்கு ஒன்று, கெஞ்சியவருக்கு ஒன்று. எல்லாம் என் கையெழுத்து. அந்த நிறுவனத்து இளைஞரைப் போலவே நானும் ஆளைப் பார்த்துத்தான் தொகை சொல்லியிருக்கிறேன். இரக்கத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைப் பார்த்தால், குறைந்த வாடகை பெற்றவர்களில் ஏழைகளைவிட எனக்குப் பழக்கமானவர்களே மிகுதி.

வெட்கமுற்று, உடனே ஒரு பலகை எழுதிக் கூடத்தின் வாயிலில் மாட்டச் செய்தேன். எல்லாருக்கும் ஒரே வாடகை. மனம் இலேசாயிற்று. மூன்று வாரங்களுக்குப் பின் உபதேசியார் ஒரு செய்தி சொன்னார். தூய்மைப் பணி செய்யும் ஒருவர் மகளின் புதுநன்மைக்குக் கூடம் கேட்க வந்தாராம். பலகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். “சாமியைப் பாருங்கள், குறைத்துத் தருவார்” என்று உபதேசியார் சொல்லியும், “எழுதியே போட்டிருக்கிறாரே, அதற்கு மேல் நான் போய்க் கேட்டால் சாமிக்குச் சங்கடம்” என்று சொல்லித் திரும்பிவிட்டாராம். நான் எழுதிய நேர்மையான பலகை ஓர் ஏழைத் தகப்பனை வாயிலோடு அனுப்பிவிட்டது.

பேரவையில் இதைப் பேசினோம். பலகையைக் கழற்றிவிடலாம் என்றார் ஒருவர். அப்படியே இருக்கட்டும், தேவையானவர் கேட்பார் என்றார் மற்றொருவர். வயதான அம்மா ஒருவர், “கேட்கத் தெரியாதவர்களுக்காகத்தானே பலகை? அப்போது அதையும் பலகையில் எழுதுங்கள்” என்றார். பலகையில் இரண்டாம் வரி சேர்ந்தது: கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்குப் பாதி வாடகை, காரணம் கேட்கப்படமாட்டாது. நான் நேரில் சென்று அந்தத் தகப்பனை அழைத்து வந்தேன்.

அந்த அம்மாவின் சொல்லில் நான் தேடிய விடை இருந்தது. ஒரே விலையா, பல விலையா என்பது அடிப்படைக் கேள்வியன்று. வேலை அதிகமானால் விலை அதிகமாகலாம். எளியவருக்கு விலை குறையலாம், குறைய வேண்டும். ஆனால் எந்த விதியின்படி மாறுகிறது என்பது வாங்க வருபவரின் கண்ணுக்கு, அவர் யார் என்று சொல்லும் முன்பே, தெரிய வேண்டும். இத்தனை பேர் பயன்படுத்தினால் இவ்வளவு, பழைய ஏடுகளை ஏற்ற நூறு பக்கத்துக்கு இவ்வளவு, பள்ளிகளுக்கும் அறநிறுவனங்களுக்கும் இவ்வளவு குறைவு என்று எழுதிவைக்க எந்த மென்பொருள் நிறுவனத்தாலும் இயலும். பலர் அப்படி எழுதியும் வைக்கிறார்கள். பெரிய வேலைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால், இதிலிருந்து இதுவரை ஆகலாம் என்றாவது சொல்லலாம். விற்பவர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. தம்மிடம் வாங்கிய எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்க, இவருக்கு ஏன் இந்த விலை, அவருக்கு ஏன் அந்த விலை என்று அவர்களுக்கு எதிரே நின்று அவரால் சொல்ல முடியுமா? வேலை அதிகம் என்று சொல்லலாம். ஏழை என்றும் சொல்லலாம். ‘இவர் நான் சொன்னதை நம்பிவிட்டார்’ என்று மட்டும் சொல்ல முடியாது.

என் கதையை முடிக்க வேண்டும். நான் கொடுத்த தொகையை இங்கே எழுதவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் கொடுத்தபோது அதன் சுமை யார் மேல் விழும் என்று நான் எண்ணவில்லை. ஆதலின் நிறுவனத்துக்கு எழுதினேன்: அடுத்த பங்கிற்கும் எங்கள் விலையைக் கொடுங்கள், அல்லது என்னை வாக்கிலிருந்து விடுவியுங்கள். பண்புள்ள அந்த இளைஞரே மீண்டும் அழைத்தார். இரண்டே நாட்களில் அந்தப் பங்கிற்கும் விலை குறைந்தது. கூடுதலாக வாங்கியது அடுத்த ஆண்டுச் சந்தாவில் கழிக்கப்படும் என்றார்கள். நான் மகிழ்ந்தேன். மறுநாள் இளம் குருவானவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஃபாதர், எவ்வளவு என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம்.”

ஆக, துண்டு அகலவில்லை. அதற்கு அடியில் இப்போது நாங்கள் இருவர் இருக்கிறோம். எங்களுக்கு அப்பால் எத்தனை பங்குகள், எத்தனை பள்ளிகள் முதலில் சொன்ன விலையை நம்பிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றனவோ! அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது, விலையை எழுதி வெளியிட்டால்தான் வாங்குவோம் என்று இருவரும் சேர்ந்து சொல்வதென முடிவு செய்திருக்கிறோம். அதனால் எங்களுக்குக் கிடைத்த குறைந்த விலை போய்விடக்கூடும் என்று நிதிக்குழு எச்சரிக்கிறது. போகலாம். கடைவைத்திருப்பவர், வாடகைக்கு விடுபவர், கட்டணம் வாங்குபவர், ஏலம் விடுபவர் என்று நம்முள் ஒவ்வொருவரும் எங்கேயோ ஒரு விலையைச் சொல்லும் இடத்தில் நிற்கிறோம். நம்மிடம் ஒரு குழந்தையை அனுப்பினால், பெரியவருக்குச் சொல்லும் அதே விலையை அதற்கும் சொல்வோமா என்பதே ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.